பேட்டரியில் கை வைத்த மகாதேவன் அண்ணா

மகாதேவன் அண்ணா போய்விட்டார்...

காலையில் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் நம்பரிலிருந்து அவர் மகன் போட்டிருந்தார். மூன்று வாரமாக ஆஸ்பத்திரியிலாம். அவர் வீடு வலியசாலை, என் வீடு கரமனை. கூப்பிடு தூரம். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

கோபம் கோபமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுக்களைக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். போட்ட டீ ஆறிக் கிடக்கிறது. இதையே நாலு தடவை எழுதி அழித்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழவங்காடி பக்கத்தில் கட்டிடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்யும் ஒரு சின்ன ஆபீஸ். இரண்டாயிரங்களில் நான் அங்கே டிசைன் எஞ்சினியர். மகாதேவன் அண்ணாவும் அதே வேலைதான். ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் அவர் பொறுப்பு.

மகள் பிறந்து லீவு முடிந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. ஒன்று ஆபீஸுக்கு வா, இல்லையென்றால் விட்டுவிடு என்றார் எங்கள் முதலாளி. எனக்கு அந்த வேலை வேண்டும். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

மகாதேவன் அண்ணாதான் முதலாளி ரூமுக்குள் போனார். "அவளுக்கு ஒரு வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் வாங்கிக் குடுங்கோ சார். ஆத்துலேர்ந்தே பண்ணட்டும்."

அந்தக் காலத்தில் இது கேள்விப்படாத விஷயம். முதலாளி யோசித்தார். "செரி, ஒரு ஆழ்ச்ச நோக்காம்" என்றார் மலையாளத்தில். லேப்டாப் வந்த நாளிலிருந்து ஒரு வாரம் பார்க்கலாமாம். அதற்குள் ஒரு அபார்ட்மென்ட் டிசைனை வீட்டிலிருந்தே முடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

லேப்டாப்புக்கு அவர் சொன்ன தொகைக்கு மேல் பைசா கிடையாது.

அப்புறம் ஆரம்பித்தது சண்டை. லேப்டாப் கம்பெனி வெப்சைட்டில் ஒவ்வொரு பாகத்தையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்குப் பெரிய ஸ்கிரீன் வேண்டும், கோடு கோடாகப் பார்த்துக் கண் போகிறது. அவருக்கு ரேம்.

"ஸ்கிரீன் பெரிசானா கணக்கு சீக்கிரம் முடியுமோ? ஒனக்கு வேலை முடியணுமா, படம் பாக்கணுமா?"

"அண்ணா, கண்ணு தெரிஞ்சாத்தானே வேலை பாக்க முடியும்."

மனுஷன் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டார். ரேமை ஏற்றுவார், பிராசசரை இறக்குவார். எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்து வருவார், மறுபடி மாற்றுவார். நம் டிராயிங் சாஃப்ட்வேர் சாதா கிராபிக்ஸ் கார்டில் மக்கர் பண்ணும் என்று அதையும் மாற்றினார். ஹார்ட் டிஸ்க் வேகமானதாக வேண்டும் என்றார். கடைசியில் என் ஸ்கிரீனுக்கும் சம்மதித்தார். பாவம், என் முகம் போன போக்கைப் பார்த்துதான்.

தொகை தாண்டிவிட்டது. எதையாவது குறைக்க வேண்டும். பேட்டரியில் கை வைத்தார், இருக்கிறதிலேயே சின்னது.

"பிளக் பாயிண்ட் பக்கத்துலதானே ஒக்காரப் போற? பெரிய பேட்டரி என்னத்துக்காக்கும்?"

நானும் தலையாட்டினேன். ரெண்டு எஞ்சினியர்கள்... தினமும் சாயந்திரம் அரை மணி நேரம் கரண்ட் கட் என்பது ரெண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை. ஆபீஸில் ஜெனரேட்டர் உண்டே.

லேப்டாப் வந்து முதல் நாள். கணக்கு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் போனது. மடியில் பிள்ளை அழுகிறது, இறக்கிவிட முடியவில்லை. அந்தப் பேட்டரி இருபது நிமிஷம்கூடத் தாங்கவில்லை. சேவ் பண்ணத் தோன்றவே இல்லை, அன்றைக்குச் செய்த வேலை மொத்தமும் போச்சு.

போனில் அவரைப் பிடித்துக் கத்தினேன். "உங்க பேட்டரிய கரமனைப் பாலத்துலேந்து தூக்கிப் போடப் போறேன்."

"நான்தான் அதுல கை வெச்சேன். பெரிசுக்கு ஆர்டர் சொல்லிட்டேன், வர்றதுக்கு ஒரு மாசமாகுமாம்" என்றார் மெதுவாக.

மறுநாளிலிருந்து வீட்டு லேண்ட்லைனில் அவர் போன். எங்கள் ஏரியா கரண்ட் கட் நேரத்தைப் பேப்பரில் பார்த்து வைத்திருப்பார். சரியாக ஐந்து நிமிஷம் முன்னால், "ஜெயா, சேவ் பண்ணியோ?" பண்ணினேன் என்றால் டக்கென்று வைத்துவிடுவார்.

கடைசி நாள். பிள்ளை தூங்கட்டும் என்று ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருந்தேன். மறுநாள் காலையில் டிசைன் கொடுக்க வேண்டும். நேரம் போனதே தெரியவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம், தொடர்ந்து ஹார்ன். கேட்டில் நின்றுகொண்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறார். "ஜெயா, சேவ் பண்ணு. சேவ் பண்ணு மோளே."

ஓடிப் போய்க் கன்ட்ரோல் எஸ் அடித்தேன். கரண்ட் போனது.

தூங்கின பிள்ளை எழுந்து அலறுகிறது. எதிர்வீட்டுக்காரர்கள் மெழுகுவர்த்தியோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். இருட்டில் கேட்டிலிருந்து கேட்டார், "ஆச்சோ?"

"ஆச்சு அண்ணா. நீங்க போங்க."

அவ்வளவுதான். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வேலை நிலைத்தது. அந்தப் பிள்ளை இப்போது காலேஜ் படிக்கிறாள்.

பெரிய பேட்டரி வந்த பிறகும் போன் நிற்கவில்லை. கரண்ட் கட் போய், நான் ஆபீஸ் மாறி, அவர் ரிட்டயர் ஆகி... எப்போதாவது சாயந்திரம் அடிப்பார். "சும்மாதான். சேவ் பண்ணியோ?"

போன மாதம் புது லேப்டாப் வாங்கலாம் என்று அவரிடம் யோசனை கேட்டேன். "பேட்டரி பெரிசா எடு. மத்ததெல்லாம் ஒன் இஷ்டம்" என்றார். நடுவில் ஒரே இருமல். என்ன அண்ணா என்றதற்கு, ஒன்றுமில்லை, ஏசி என்றார். நானும் நம்பினேன்.

லேப்டாப் தேர்ந்தெடுக்கிற அந்த வெப்சைட் பக்கம் இன்னும் திறந்தே கிடக்கிறது. ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை. மூடவும் மனசு வரவில்லை.

மணி ஏழு ஆகப் போகிறது, அவர் போன் வருகிற நேரம். போனில் சத்தத்தைக் கூட்டி மேஜைமேல் வைத்திருக்கிறேன், பைத்தியக்காரி மாதிரி.

சேவ் பண்ணியாச்சு அண்ணா. நீங்க போங்க.