பூஜை போட்ட கணினி

ஆயுத பூஜையன்று மாலை நாலரை மணிக்கு, நான் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போதே எங்கள் கணினியின் திரை அசையாமல் நின்றுவிட்டது. இன்னும் விற்பனைக்கு வராத ஓர் இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பை, பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து மகள் பூஜைக்கு முன்பே அதில் ஏற்றத் தொடங்கியிருந்தாள். அவளுடைய கடைசி வருட ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை.

பொரி வாங்கிப்போக வந்தவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள்.

“ரிலீசுக்கு முன்னாடியே படம் பாக்கணும்னா இப்படித்தான், பாதியில ரீல் அறுந்துடும்,” என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார்.

“ஓசி சிடிய யாராச்சும் போடுவாங்களா? ஸ்விட்ச ஆஃப் பண்ணி போடுக்கா, சரியாயிடும்,” என்றாள் மாடிவீட்டுப் பெண்.

மகள் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். “பூஜை போட்டத நாளைக்குத்தான்டி தொடணும்.”

“என் ப்ராஜெக்ட் போச்சும்மா! விடும்மா கைய!”

அவள் படிப்பை நானே கெடுக்கிறேனோ என்று தோன்றியது. ஆனாலும் விடவில்லை.

இருட்டும் நேரத்தில், அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தும் டீச்சர் வந்தார். கணினிப் பெட்டியில் விட்டு விட்டு எரிந்த சின்ன விளக்கைக் குனிந்து பார்த்தார்.

“உள்ள இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு. நடுவுல அணைச்சிருந்தா ப்ராஜெக்டும் சேந்து போயிருக்கும். நல்லவேள, யாரும் கை வெக்கல.”