படிக்கக் கேட்டு ஒப்புக்கொண்டேன்

முப்பது வயதில் எனக்கு என் தமிழ் மீதே காதல் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தாலுக்கா கச்சேரி வாசலில், புளியமரத்தடியில் மனு எழுதிப் பிழைத்தவன் நான். ஆங்கில நாவல்களை இரவல் வாங்கிப் படித்த கெட்ட பழக்கத்தால், வாய்க்கால் தகராறுக்குக்கூட மூன்றாம் வரியில் சூரியனை அஸ்தமிக்க வைத்துவிடுவேன். முடித்ததும் நானே ஒருமுறை வாசித்துத் தலையாட்டிக்கொள்வேன். வேறு யாரும் ஆட்டியதாக நினைவில்லை.

காளவாசலுக்கு மேற்கே ஓர் ஊரின் சேரியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. மரத்திலிருந்து பத்தடி தள்ளியே நின்றாள். அங்கே நில் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாதபடி ஊர் ஏற்கெனவே பழக்கி வைத்திருந்தது.

“மனு எழுதணும் சாமி.”

“என்ன விஷயம்?”

களையெடுப்பு முடிந்து மற்றவர்கள் கரையேறிய பிறகு, பண்ணை வீட்டு மகன் அவளை அடித்துக் கிணற்றடிக் கொட்டகைக்குள் இழுத்துப் போயிருக்கிறான். “கெடுத்துப்புட்டான் சாமி” என்றாள். அழவில்லை.

“எனக்கு ஆனது ஆச்சு. இனிமே அந்த வயலுக்கு என் தங்கச்சிதான் போகணும். போகலைன்னா குடியிருக்க விடமாட்டாக. அவன் அவகிட்ட வராமப் பண்ணுங்க. அம்புட்டுப் போதும்.”

மனு எழுதுகிறவனுக்கு ஒரு முறை உண்டு. எழுதியதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அடியில் ‘படிக்கக் கேட்டு ஒப்புக்கொண்டேன்’ என்று எழுதி ரேகை வாங்க வேண்டும். அவள் சொன்னதை எழுதினால், பத்தடி தூரத்துக்குக் கேட்கும்படி, வழக்குக்காரர்கள் கூடிநிற்கும் இடத்தில் நான் அதைக் கத்த வேண்டும். என் கௌரவம் என்னாவது?

ஆகவே, ‘கையைப் பிடித்து இழுத்து அவமரியாதை செய்தார்’ என்று எழுதினேன். ‘செய்தார்’தான். பண்ணை வீட்டுப் பிள்ளைக்கு மரியாதை குறையலாமா? அவளுடைய துயரத்தைச் சொல்ல, சூரியனையும் அஸ்தமிக்க வைத்தேன். அடியில் வழக்கமான அந்த வரியையும் எழுதினேன்; ஆனால் படித்துக் காட்டவில்லை. காகிதத்தையும் மசிப்பெட்டியையும் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். அவள் குனிந்து ரேகை வைத்தாள்.

விசாரணை நாளில் நானும் போய்க் கச்சேரிக் கதவோரம் நின்றேன். நியாயம் கேட்க அல்ல. என் நடை எடுபடுகிறதா என்று பார்க்க.

மாஜிஸ்திரேட் முன் அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பண்ணையின் வக்கீல் நிதானமாக எழுந்தார்.

“மனுவிலே கையைப் பிடிச்சு இழுத்ததோட சரி. படிக்கக் கேட்டு ஒப்புக்கொண்டேன்னு ரேகையும் வச்சிருக்கே. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன்.

மனு தள்ளுபடியானது. வெளியே வந்தவள் என் மரத்தடிக்கு வந்து, அதே பத்தடி தூரத்தில் நின்றாள்.

“நான் சொன்னதை எழுதலையா சாமி?”

“அதையெல்லாம் நாகரிகமா எழுதுறதுதான் வழக்கம்” என்றேன்.

“தங்கச்சிகிட்ட என்ன சொல்லட்டும்?” என்று கேட்டாள். என்னிடம் அத்தனை தமிழ் இருந்தது. அடுத்த ஆளின் மனுவுக்குக் காகிதம் எடுத்தேன்.

அந்தக் குடும்பம் ஆள்பிடிக்க வந்த கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். புறப்படும்வரை மூன்று வாரம் தங்கைதான் அந்த வயலுக்குப் போய்வந்தாளாம். அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் அதையும் நாகரிகமாகவே எழுதியிருப்பேன்.

பல வருஷம் கழித்து ஒருநாள் இதை என் மனைவியிடம் சொன்னேன். பத்தடி தூரம், கூட்டம், அக்காலத்து ஆசாரம், ஒரு மனிதனின் கௌரவம் என்று விரிவாக விளக்கினேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

“இம்புட்டுப் பேசுறீகளே, ‘கிட்ட வா தாயி’ன்னு சொல்ல எம்புட்டு நேரமாயிருக்கும்?” என்றாள்.