கொய்யாத் தோப்புக் கிணறும் ஒரு மாத நாவலும்

எனக்குப் பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டால், இன்றைக்கும் அவர் பெயர்தான் முதலில் நாக்கு நுனிக்கு வருகிறது. வந்த சூட்டோடு குமட்டலும் வருகிறது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதுவும் அவருக்கு விளம்பரம்.

கல்லூரிக் காலத்திலிருந்து அவருடைய மர்ம நாவல்களைப் படித்து வந்தவள் நான். மாதம் ஒன்று வரும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டையில் ஒரு பெண் முகம், ஒரு கத்தி, கொஞ்சம் ரத்தம். அதை வாங்கிக் கைப்பையில் திணித்தால்தான் எனக்கு அந்த மாதமே பிறந்த மாதிரி இருக்கும். தவக்காலம் முழுக்கக் கறியைத் தொடமாட்டேன். இந்த ஊரில் இருந்துகொண்டு பிரியாணிக் கடைகளை மூக்கைப் பொத்தித் தாண்டிப் போவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் அவரை மட்டும் விட்டதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அவர் கதைகளில் துப்பறிகிறவர் போலீஸ்காரர் இல்லை, ஓய்வு பெற்ற ஒரு சர்வேயர். பிணம் கிடந்த இடத்துக்கு வந்து யாரோடும் பேசாமல் டேப்பை விரித்து அளப்பார். கதவுக்கும் கட்டிலுக்கும் எவ்வளவு தூரம், ஜன்னலில் நின்றால் கொல்லை தெரியுமா என்று பார்த்து முடிப்பதற்குள் யார் பொய் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆரம்ப கால நாவல்களில் எழுத்தாளர் நம்மை ஏமாற்றியதே இல்லை. கொலைகாரன் மூன்றாவது அத்தியாயத்திலேயே காபி டம்ளரோடு வந்து போயிருப்பான். நாம்தான் கவனித்திருக்கமாட்டோம். கடைசிப் பக்கத்தில் "அட, ஆமால்ல" என்று தலையில் தட்டிக்கொள்வேன். அந்த ஒரு "அட"வுக்காக எத்தனை குழம்பைத் தீய விட்டிருக்கிறேன்!

போகப் போக மனிதர் சோம்பேறி ஆகிவிட்டார். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று இரட்டைப் பிறவி ஒருவன் முளைப்பான். இல்லையென்றால் ஞாபகத்தை அழிக்கும் ஊசி. அதுவும் இல்லையென்றால் கொலைகாரனே வந்து, மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொள்வான். சர்வேயர் டேப்பை எங்கே தொலைத்தாரோ, இப்போதெல்லாம் லேப்டாப்பைத்தான் தட்டுகிறார். இதையெல்லாம்கூட மன்னித்தேன். மன்னிக்க முடியாதது முதல் அத்தியாயம். ஒவ்வொரு நாவலிலும் முதல் பக்கத்தில் ஒரு பெண் செத்துக் கிடப்பாள், அவள் சேலை எங்கெங்கே விலகியிருக்கிறது என்று அவர் ஒரு பத்தி எழுதுவார். செத்துக் கிடக்கிறவளுக்கு எதற்கு ஐயா இடுப்பு வர்ணனை? எரிச்சலாக இருக்கும். இருந்தும் அடுத்த மாதம் கடைக்காரர் என்னைக் கண்டதும் கிளிப்பைக் கழற்றுவார், நானும் கையை நீட்டுவேன்.

இந்தக் கிறுக்கில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். நானும் அவளும் வத்தலக்குண்டில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள். நான் தமிழ், அவள் கணக்கு. என்னைவிடப் பல வயது இளையவள், பழனிப் பக்கம் ஆயக்குடிக்காரி, திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டவள். தினமும் செம்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் ஒரே சீட்டில் போவோம், வருவோம். சுற்றிலும் எல்லோரும் போனைத் தடவிக்கொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் தாளைப் புரட்டுவோம்.

புத்தகம் ஒன்றுதான் வாங்குவோம். அந்த நாவல்களுக்கு முதுகில் வெறும் பசைதான், இழுத்தால் தாள் கையோடு வந்துவிடும். வேகமாகப் படிக்கிற நான் முன்னால் போவேன். ஓர் அத்தியாயம் முடிந்ததும் கிழித்து அவளிடம் நீட்டுவேன், அவள் என்னைத் துரத்திக்கொண்டு படிப்பாள். எங்களுக்குள் சட்டம் உண்டு. பஸ்ஸைத் தவிர வேறெங்கும் படிக்கக்கூடாது. முன்னால் போகிறவள் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். நான் புருவத்தைத் தூக்கினாலே அவளுக்குப் புரிந்துவிடும், "ஏனுங்கக்கா, டாக்டர்தானுங்களா?" என்று கேட்டுவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நான் அவரைத் திட்டும்போதெல்லாம் அவள் விட்டுக்கொடுக்கமாட்டாள். "என்னமோ எழுதட்டுமுங்க்கா. கடைசில யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லிர்றாரில்லீங்க. எனக்கு அது போதும்" என்பாள்.

அது ஏன் போதும் என்று எனக்குத் தெரியும். அவளுடைய தங்கை, கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண், ஆயக்குடியில் அவர்களுடைய கொய்யாத் தோப்புக் கிணற்றில் கிடந்தாள். செருப்பு இரண்டும் மோட்டார் ரூம் வாசலில் ஒழுங்காக ஜோடி போட்டுக் கிடந்தன. தவறி விழுந்ததாக எழுதிப் போலீஸ் கேஸ் கட்டை மூடிவிட்டது. ஊர் வாய் வேறு விதமாகப் பேசியது. இவள் இரண்டையும் நம்பவில்லை. அதே கிணற்றில் தங்கைக்கு நீச்சல் பழக்கியவள் இவள்தான். "நீச்சல் தெரிஞ்சவ எப்படிங்க்கா முழுகுவா?" என்று என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

போன வருடம் எங்கள் ஊர்ப் புத்தகக் கண்காட்சிக்கு அந்த எழுத்தாளர் வந்தார். வரிசையில் நின்றோம். நான் கையெழுத்து வாங்கத்தான் போனேன். அவள் முறை வந்தபோது அவள் புத்தகத்தை நீட்டவில்லை. "சார், எந்தங்கச்சி செத்துப் போச்சுங்க. எப்படின்னு யாராலயும் சொல்ல முடியலீங்க. நீங்க எவ்வளவு கண்டுபிடிச்சிருக்கீங்க. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக்கூட முகம் கூசியது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். செருப்பு எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, வளையல் உடைந்திருந்ததா, மாப்பிள்ளை முதலில் யாரைப் பார்க்க வந்தார் என்று வரிசையாகக் கேட்டார். ஒரு டாக்டரிடம் சொல்வதுபோல அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பிரேதப் பரிசோதனையில் விஷமோ மருந்தோ எதுவும் இல்லை என்றுகூடச் சொன்னாள். "யோசிக்கிறேம்மா" என்று அனுப்பி வைத்தார். பெரிய மனிதர் என்று நான் அன்று வீடு வரைக்கும் புகழ்ந்துகொண்டே வந்தேன். அவளோ அந்த நாளிலிருந்து காத்திருக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு மாத நாவலையும் கையில் வாங்கும்போது, "இதுல இருக்குமோ என்னமோ" என்பாள்.

இந்த வருடம், பள்ளி திறந்த சமயத்தில், அது வந்தது.

முதல் அத்தியாயத்தில் வழக்கம்போல ஒரு பெண், இந்தத் தடவை கிணற்றில். வழக்கம்போல நனைந்த துணி எங்கெங்கே ஒட்டியிருந்தது என்று ஒரு பத்தி. சனியன் என்று முனகிக்கொண்டே கிழித்துக் கொடுத்தேன். இரண்டாவது அத்தியாயத்தில் கொய்யாத் தோப்பு வந்தது. மோட்டார் ரூம் வந்தது. வாசலில் ஜோடிச் செருப்பு வந்தது. அவளைப் பார்த்தேன். அவளும் அதற்குள் என் கையில் இருந்ததை எட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டாருங்க்கா" என்றாள். "எந்தங்கச்சிதானுங்க இது. எழுதிட்டாருங்க்கா!"

அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த நனைந்த துணிப் பத்திதான் உறுத்தியது. "ஏம்மா, அந்தப் புள்ளைய எப்படி எழுதியிருக்கான் பாத்தியா?" என்றேன்.

"அதை விடுங்க்கா. அடுத்ததைக் குடுங்க."

வத்தலக்குண்டு வருவதற்குள் பாதி முடிந்தது. சர்வேயர் பல வருடங்களுக்குப் பிறகு டேப்பை எடுத்துத் தோப்பை அளந்துகொண்டிருந்தார். அன்றைக்கு அவள் வகுப்பைத் தாண்டிப் போனபோது பார்த்தேன், பிள்ளைகளிடம் சிரித்துப் பேசிக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மிச்சப் பாதி என் பையில் இருந்தது. மத்தியானம் எனக்கு வகுப்பு இல்லை. சட்டத்தை மீறி, நூலக அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து முடிவைப் படித்தேன்.

கொன்றது அக்காவாம்.

கதையில் அந்த அக்காவும் ஒரு டீச்சர். தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளை மேல் இவளுக்கு ஆசையாம். தங்கை மட்டும் யோக்கியமா, அவள் வயிற்றில் வேறொருவன் பிள்ளையாம். காபியில் மயக்க மருந்தைக் கலந்து கொடுத்துக் கிணற்றில் தள்ளிவிட்டாளாம். எப்படிக் கற்றுக்கொண்டாள் என்று சர்வேயர் கேட்கிறார். மர்ம நாவல் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டேன் என்று அவள் ஒப்பிக்கிறாள். இதை எழுதும்போது அவர் சிரித்திருப்பார் என்று தோன்றியது. முன்னுரையை எப்போதும் கடைசியில்தான் படிப்பேன். அதில், திண்டுக்கல்லில் ஒரு வாசகி தன் கையைப் பிடித்துக்கொண்டு கதறி அழுதபோது இந்தக் கரு கிடைத்ததாக எழுதியிருந்தார். பொய். அவள் அழவே இல்லை. அவர் கையையும் பிடிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், அவ்வளவுதான். துக்கத்தைச் சொல்லி வழி கேட்டு வந்தவளைக் கொலைகாரி ஆக்குவதற்கு ஒரு மனிதனுக்கு எப்படி மனம் வரும்? இந்த ஆளையா இத்தனை வருடம் தலையில் தூக்கி வைத்து ஆடினேன் என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள் கையை நீட்டினாள்.

"அச்சுல கோளாறும்மா. பின்னாடி பக்கமே இல்ல" என்றேன்.

"காலைல தடியா இருந்துச்சுங்களே?"

"வேற கதையச் சேத்து ஒட்டிட்டான் போல. குப்பையில போட்டுட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். துப்பறியும் நாவல் படிக்கிறவளிடம் பொய் சொல்லப் போன என்னைச் சொல்ல வேண்டும். எழுந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய இன்னொரு பிரதியை வாங்கிக்கொண்டு வந்தாள். "தாயி, வேணாம்மா. சொன்னாக் கேளு, அது உனக்கு ஆகாது" என்று கையைப் பிடித்தேன். "தெரிஞ்சாகணுமுங்க்கா" என்று என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, நடுப்பக்கத்தைப் பிரித்தாள்.

எங்கள் வழக்கத்தில் அவள் படிக்கும்போது அவள் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. என் கண் எப்போதும் அடுத்த பக்கத்தில் இருக்கும். அன்றுதான் பார்த்தேன். தென்னந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. பூ மூட்டைகளோடு ஆள் ஏறினார்கள், செம்பட்டியில் பாதிப் பேர் இறங்கினார்கள். அவள் ஒரே சீராகப் படித்தாள். காபி வரும் இடத்தில் மட்டும் திருப்பிப் போய் இன்னொரு தடவை படித்தாள். அக்கா ஒப்பிக்கும் பக்கத்தில் வெடித்து அழுவாள் என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்திருந்தேன். அவள் அழவில்லை. கடைசிப் பக்கம் வரை போய்ப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. "இவனெல்லாம் ஒரு மனுசனா? உன்னையவே கொலகாரின்னு எழுதியிருக்கான் பாரு. சோத்தத்தான திங்கிறான்? இவன் மேல கேசு போடணும். பத்திரிகை ஆபீசுக்கு நாளைக்கே போனப் போட்டுக் கிழிக்கிறேன் பாரு. இம்புட்டு வருசமா இவனப் படிச்ச கண்ண நோண்டிப் போடலாம் போல இருக்கு" என்று கத்தினேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன்.

நான் மூச்சு வாங்கி நிறுத்தும் வரைக்கும் அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கொலைகாரி என்றானே, தங்கையைக் கேவலப்படுத்தினானே என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. அவளுக்கு அதெல்லாம் காதிலேயே விழவில்லை போலிருந்தது.

"மருந்தெல்லாம் இல்லைன்னு அன்னைக்கே அவருகிட்டச் சொன்னேனுங்க்கா" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"அவருக்கும் தெரியலீங்க்கா."