இரண்டு கதவையும் பூட்டு என்று நான்தான் சொன்னேன்

இதை எழுத வேண்டும் என்று ஐந்தாறு வருசமாக நினைத்துக்கொண்டு இருந்தேன். எழுதவில்லை. பேனையை எடுப்பேன், உலையில் அரிசி போடவேணும் என்று எழும்பிவிடுவேன். உண்மையைச் சொன்னால் வெட்கம். நான் ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தைப் பற்றி நான் என்னத்தை எழுதுறது? அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்றும் இருக்கிறது. அதைப் போகப் போகச் சொல்லுகிறேன்.

போன மாதம் இங்கே கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டில் செபக்கூட்டம். என்னைத் தெரியாத ஒரு தங்கச்சி எழும்பிச் சாட்சி சொன்னா. "இங்கிலாந்திலை படிச்ச ஒரு தமிழ்ப் பிள்ளை அறைக்குள்ளை செத்துக் கிடந்ததாம். மோட்சத்திலையிருந்து வெள்ளை உடுப்புப் போட்ட சம்மனசு பூட்டின கதவுக்குள்ளாலை வந்து தொட்டு எழுப்பினதாம்" என்றா. எல்லாரும் கையைத் தட்டி ஆண்டவரைப் புகழ்ந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பிலோமினா அக்கா என்ரை துடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினா.

"எடி, உது உன்ரை ஜெசிந்தாவின்ரை கதையெல்லோ? உவள் எப்பயடி செத்தவள்?"

அன்றைக்கு இரவே தீர்மானித்துவிட்டேன். ஆண்டவர் செய்தது போதாதென்று நாங்கள் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் எண்பத்துநாலில் கனடாவுக்கு வந்தோம். வெக்ஸ்போர்டில் ஒரு மாடிக் கட்டடத்தில் ஆறாம் மாடி. இவர் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. நான் தையல் தொழிற்சாலையில். ஒரே பிள்ளை ஜெசிந்தா. இங்கே சட்டம் படித்துக்கொண்டு இருந்தவளுக்கு இங்கிலாந்தில் மிகப் பழைய பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்க ஸ்கொலர்ஷிப் கிடைத்தது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஐப்பசி மாதம் போனாள். கோயிலில் எல்லாரும் என்ரை கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து போன் எடுப்பேன். அவளின் மாடிப்படிக்குக் கீழே எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு போன். அவள் சொல்லுவதெல்லாம் எங்களுக்குப் புதினம். இராச்சாப்பாட்டுக்குக் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டுதான் இருக்கவேணுமாம். சாப்பிட முதல் லத்தீனில் செபமாம். நடுமுற்றத்தில் பச்சைப் பசேலென்று புல்லாம், அதில் மாணவர் கால் வைக்கக் கூடாதாம்.

"நடக்கிறேல்லையெண்டால் பேந்தென்னத்துக்குப் புல்லு? ஆடு வளர்க்கிறாங்களோ எண்டு கேள்" என்பார் இவர் பின்னால் நின்று.

ஒருநாள் சொன்னாள், "அம்மா, என்ரை அறைக்கு இரண்டு கதவு. உள்ளுக்கை ஒண்டு, வெளியாலை ஓக் மரத்திலை பென்னாம் பெரிய கதவொண்டு."

எனக்குச் சந்தோசம். "நல்லதாப் போச்சு. இரண்டையும் பூட்டு. உள்ளுக்கை கொண்டியும் போடு. குமர்ப்பிள்ளை தனிய இருக்கிற இடம்" என்றேன்.

அவள் சொல்வழி கேட்கிற பிள்ளை. பூட்டினாள். பகலிலும் பூட்டினாள், இரவிலும் பூட்டினாள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வெளிக்கதவு சாத்தியிருந்தால், "நான் படிக்கிறேன், என்னைக் குழப்பாதே, ஒருவரும் தட்டக் கூடாது" என்று அர்த்தம். அது திறந்திருந்தால்தான் வரலாம், கதைக்கலாம், தேத்தண்ணி குடிக்கலாம். நூறு நூறு வருசமாக இருக்கிற வழக்கம். தெரிந்திருக்கும்தானே என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எனக்கு எங்காலை தெரியும்?

கார்த்திகை மாதம் அவளின் குரல் மாறத் தொடங்கியது. "அம்மா, மற்ற அறையளிலை சிரிச்சுக் கதைக்கிற சத்தம் கேக்குது. என்ரை கதவை மட்டும் ஒருத்தரும் தட்டுறேல்லை. எங்கடை நிறம் உவைக்குப் பிடிக்கேல்லைப் போலை" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ படிக்கத்தானே போனனீ, பேந்தென்ன?" என்றேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு நோகும்.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தாள். எலும்பும் தோலும். வெள்ளைக்காரச் சாப்பாடு இறங்கவில்லையாம். திரும்பிப் போகும்போது காய்ச்சல் தடிமனுக்கு அவித்துக் குடிக்கச் சூட்கேசுக்குள் மல்லியும் வேர்க்கொம்பும் கட்டி வைத்தேன். லண்டனில் இவரின் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறார். அவரிடம் சொல்லி ஒரு சின்னக் கரண்ட் அடுப்பு வாங்கிக் கொடுப்பித்தேன். அறையில் சமைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். தெரிந்துதான் கொடுப்பித்தேன். நான் சொன்ன பெரிய வெட்கம் இதுதான்.

மாசி மாதம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியில் பனி கொட்டுகிறது. அந்தக் கிழமை நடுவில் கதைத்தபோது, "தடிமன் அம்மா, மாறீடும்" என்று இருமி இருமிச் சொல்லியிருந்தாள். பூசையால் வந்ததும் போன் எடுத்தேன். வேறொரு பிள்ளை எடுத்தாள். ஹெலன் என்று பெயர் சொன்னாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "ஜெசிந்தாவின் தாய், கூப்பிடு பிள்ளை" என்றேன்.

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அவளுடைய வெளிக்கதவு சாத்தியிருக்கிறது. படிக்கிறாள்போல."

"தட்டு பிள்ளை."

"மன்னிக்கவேணும். வெளிக்கதவு சாத்தியிருந்தால் நாங்கள் தட்டுவதில்லை. அது இங்கே வழக்கம்."

"அவளுக்குச் சுகமில்லை. தட்டு, பிளீஸ், தட்டு."

"கவலைப்படாதீர்கள், நன்றாக இருப்பாள்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. என்ரை பிள்ளையை ஒருவரும் வெறுக்கவில்லை. நான்தான் அவளைப் பூட்டி வைத்திருக்கிறேன். கடலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பூட்டி வைத்திருக்கிறேன்.

லண்டன் தம்பிக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. குடும்பத்தோடு ஜேர்மனிக்குக் கலியாண வீட்டுக்குப் போனவை என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. இவர் வேலையில். திரும்பவும் மாடிப்படிப் போனுக்கு அடித்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. 

கீழ் மாடியில் இருந்த பிலோமினா அக்காவிடம் ஓடினேன். செருப்பும் போடவில்லை. அவ என்ரை கோலத்தைப் பார்த்தா. அடுப்பை நூர்த்துவிட்டு என்னோடு மேலே வந்தா. "அழுறதை நிப்பாட்டடி. அழுதுகொண்டு செபிச்சால் ஆண்டவருக்கே விளங்காது" என்றா.

எங்கள் வரவேற்பறையில் ஒரு கலண்டர் படம். ஆண்டவர் ஒரு கதவடியில் நின்று தட்டுகிறார். எத்தனையோ வருசமாகப் பார்த்த படம். அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். முழங்காலில் விழுந்தேன். மனப்பாடமான செபம் ஒன்றும் வரவில்லை. இப்படித்தான் கேட்டேன்:

"ஆண்டவரே, என்ரை இங்கிலீசு காணாது. நான் சொல்லி ஒருத்தரும் தட்டீனமில்லை. நீர் போய்த் தட்டும். நீர் தட்டினால் ஒருத்தரும் வழக்கம் கதைக்க மாட்டினம். நான் பூட்டச் சொன்ன கதவை நீர் திறவும்."

பிறகு செபமாலை. ஒன்று முடிய மற்றது. அக்காவின் குரல் அடைத்துப்போய்விட்டது. ஆனாலும் விடவில்லை.

அந்த நேரம் அங்கே நடந்தது இதுதான். பின்னால் ஜெசிந்தாவும் ஹெலனும் சொல்லி நான் அறிந்தது.

பிள்ளைக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்திருக்கிறது. மூச்சு விட முடியவில்லை. நான் கொடுத்த மல்லியையும் வேர்க்கொம்பையும் அவித்துக் குடிப்போம் என்று அந்த அடுப்பில் சட்டியை வைத்திருக்கிறாள். வைத்தவள் அப்படியே மயங்கி விழுந்துவிட்டாள். தண்ணீர் வற்றி, மல்லி கருகி, அறை முழுக்கப் புகை. கூரையில் இருந்த புகை மணி அடித்தது. அந்தக் கட்டடம் முழுக்க மணி அடித்தது.

பொழுதுபட்டு எல்லாரும் இராச்சாப்பாட்டுக்கு ஆயத்தமான நேரம். அத்தனை பிள்ளைகளும் கறுப்பு அங்கியோடு வெளியில் ஓடி வந்தார்கள். கால் வைக்கக் கூடாத அந்தப் புல்லில் போய் நின்றார்கள். வாசல் காவல்காரர், வயது போன மனிசன், ஒவ்வொரு பெயராய்க் கூப்பிட்டார். ஜெசிந்தாவின் பெயரைக் கூப்பிட்டபோது பதில் இல்லை.

"ஞாயிற்றுக்கிழமைதானே, லண்டனுக்குப் போயிருப்பாள்" என்றான் ஒருவன்.

"இல்லை, அவள் உள்ளே இருக்கிறாள்!" என்று கத்தினாள் ஹெலன். "அவளுடைய அம்மா கனடாவிலிருந்து போன் எடுத்தா. தட்டச் சொன்னா. நான்தான் தட்டவில்லை."

சொல்லிவிட்டு நிற்கவில்லை. மற்றவர்கள் தடுக்கத் தடுக்கப் படியேறி ஓடினாள். இரண்டு கையாலும் அந்த ஓக் கதவை அடித்தாள். காவல்காரர் பின்னால் வந்து தன்னிடம் இருந்த சாவியால் வெளிக்கதவைத் திறந்தார். உள்கதவு திறக்கவில்லை. நான் போடச் சொன்ன கொண்டி. அந்த மனிசன் தோளால் இடித்து இடித்துக் கொண்டியைப் பிடுங்கினார். புகைக்குள் நிலத்தில் கிடந்த என்ரை பிள்ளையை அவரும் ஹெலனுமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

நாங்கள் இங்கே எத்தனையாவது செபமாலையில் நின்றோமோ தெரியாது. போன் அடித்தது. எடுக்கப் பயம். பிலோமினா அக்காதான் எடுத்து என்ரை காதில் வைத்தா. அவள் படிக்கிற கல்லூரிக் கோயில் சுவாமியார் மெல்ல மெல்லச் சொன்னார். இரண்டு பக்கமும் நியூமோனியா. ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. விடியும் மட்டும் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள், இப்போது பிழைப்பாள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பிறகு போனை யாருக்கோ கொடுத்தார்.

"நான் ஹெலன்" என்றது ஒரு குரல். அழுதுகொண்டிருந்தாள். "நான் தட்டினேன். பிந்திவிட்டேன், ஆனால் தட்டினேன்."

எனக்கு ஆங்கிலம் எல்லாம் போய்விட்டது. "மகள், மகள்" என்று தமிழிலேயே சொன்னேன். அவளுக்கு விளங்கியதாம்.

ஆஸ்பத்திரியில் ஜெசிந்தா கண் முழித்ததும் ஹெலன் கேட்டாளாம், "ஏன் எந்த நேரமும் கதவைப் பூட்டியிருந்தாய்? உனக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தோம்." இவள், "உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன்" என்றாளாம். இரண்டு பேரும் அழுது, பிறகு சிரித்து, தாதி வந்து ஏசும் மட்டும் சிரித்தார்களாம்.

சுகமாகி அறைக்குத் திரும்பினாள். அன்று தொட்டு வெளிக்கதவைத் திறந்து வைத்தாள். ஒரு கிழமைக்குள் அறை நிறையப் பிள்ளைகள். நான் போன் எடுத்தால், "அம்மா, கெதியாச் சொல்லுங்கோ, ஆக்கள் வந்திருக்கினம்" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு அமிர்தமாக இருக்கும். படிப்பிலும் ஒரு குறையும் இல்லை. தொண்ணூற்றிநாலாம் ஆண்டு கோடையில் முதல் வகுப்பில் பாஸ் பண்ணினாள்.

பட்டம் வாங்கும் நாளுக்கு இவரும் நானும் போனோம். பெரிய மண்டபம். தொடக்கம் முதல் முடிவு வரை லத்தீன். சுற்றியிருந்த படித்த தாய் தகப்பன்மார் விளங்காமல் முழித்தார்கள். எனக்கு மட்டும் அந்நியமாக இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் கோயில் பூசை லத்தீனில்தானே நடந்தது. அர்த்தம் அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆனால் காதுக்குத் தெரிந்த சத்தம். ஆண்டவர் என்னை வீட்டுக்காரி மாதிரி அங்கே உட்கார வைத்தார். ஜெசிந்தா கறுப்பு அங்கியோடு வெளியே வந்தபோது, ஹெலனும் அவளும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று படம் எடுத்தார்கள்.

வாசல் காவல்காரருக்குப் பயத்தம் பணியாரம் கொண்டுபோனேன். ஒன்றைக் கடித்துவிட்டு, தன் அறைத் தட்டில் இருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தார். அந்த அடுப்பு. "சட்டப்படி பறிமுதல் செய்தோம், அம்மா. ஆனால் எறிய மனம் வரவில்லை" என்றார். இவர் என்னிடம் மெல்ல, "கேட்டுப் பார், எங்களுக்குத் தருவாரோ" என்றார். நான் முறைத்தேன். அது அங்கேயே இருக்கட்டும்.

பிறகு ஜெசிந்தாவின் அறைக்கு ஏறினோம். உள்கதவில் கொண்டி பிடுங்கின காயம் அப்படியே இருந்தது. அதைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டேன். வெளிக்கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் நான் அதைத் தட்டினேன். ஒருக்கால் என்ரை கையாலும் தட்டவேணும் போல இருந்தது.

இப்போது நாங்கள் மாறிவிட்டோம். முந்தி எங்கள் கட்டடத்தில் யார் கதவைத் தட்டினாலும் துவாரத்தால் பார்த்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருப்போம். இன்றைக்கு அப்படியில்லை. புதிதாக ஒரு குடும்பம் வந்தால் பிலோமினா அக்காவும் நானும் சாப்பாட்டோடு போய்த் தட்டுவோம். தமிழர் என்றில்லை, ஆராயிருந்தாலும் தட்டுவோம். சிலர் திறக்க மாட்டார்கள். அடுத்த கிழமையும் போவோம்.

இதை வாசிக்கிற சகோதரங்களே, உங்கள் பிள்ளை தூரத்தில் இருக்கலாம். உங்கள் கை எட்டாமல் இருக்கலாம். ஆண்டவரின் கை எட்டும். கேளுங்கோ, சொல் வராவிட்டால் வராத மாதிரியே கேளுங்கோ. கேட்டுவிட்டு எழும்பிப் போய்ப் பக்கத்துக் கதவையும் தட்டுங்கோ. அதற்குள்ளும் யாரோ ஒரு தாயின் பிள்ளை இருக்கும்.

இந்தச் சாட்சியை மற்றவர்களுக்குச் சொல்லுங்கோ. ஆனால் மாற்றாமல் சொல்லுங்கோ. என்ரை பிள்ளை சாகவில்லை. வெள்ளை உடுப்புப் போட்ட சம்மனசு வரவில்லை. வந்தது கறுப்பு அங்கி போட்ட ஒரு பிள்ளையும், கதவை இடித்துத் தோள் கண்டிப்போன ஒரு வயது போன மனிசனும். வெட்கமென்று அடுப்பை விட்டுவிட்டும் சொல்லாதேங்கோ. நான் களவாய்க் கொடுத்த அந்த அடுப்பையும் ஆண்டவர் கையில் எடுத்தார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.