சந்தேகமும் நோய்தான் என்றார்கள்

கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பிய மாதத்தில்தான் என் தூக்கம் போனது. சுள்ளிக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் பின்னக் கணக்கு ஒன்றைப் பலகையில் முடித்துவிட்டுத் திரும்பியபோது, பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. இல்லை என்று அறிவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அழுகை நிற்கவில்லை.

மாலையில் என் கணவர் கணேசன் மட்டாஞ்சேரி பஜாரில் கடையை அடைத்துவிட்டு வந்து எனக்குச் சாயா போட்டுத் தருவார். நோயாளி மனைவிக்காக அவர் ஏற்றுக்கொண்ட வேலை அது.

"சாயா கசக்குது."

"தூக்கம் இல்லாத வாய்க்கு எல்லாம் கசக்கும்."

சில மாலைகளில் கல்லாக விழுந்து தூங்கினேன். மறுநாள் முழுக்கத் தலைக்குள் மூட்டம். அதற்கடுத்த நாட்களில் கண் மூடவே முடியாது, நெஞ்சு படபடக்கும். "இதுல ஏதாவது போடுறீங்களா?" என்று நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நாளைக்கே டாக்டரைப் பார்த்துரலாம்" என்றார்.

தேவராவில் இருந்த மருத்துவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசினார்.

"விழிச்சிருக்கறப்ப மூளையில அடினோசின் சேரும் டீச்சரே. உறங்கினாத்தான் அது குறையும்." (அடினோசின்: தூக்கத்தை வரவழைக்கும் வேதிப்பொருள்.) "உறக்கம் கெட்டா அமிக்டலா முந்தி நிக்கும், அதை அடக்கற முன்மூளை தளர்ந்துபோகும்." (அமிக்டலா: பயத்தை உணரும் மூளைப்பகுதி.) "கூட இருக்கறவங்க மேலயே சம்சயம் வரும்."

சாயாவில் கசப்பு தெரிவதைச் சொன்னேன். அதுவும் இதில் சேர்ந்ததுதான் என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த கணேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் என் நாக்கை நம்பவில்லை. கசந்தபோதெல்லாம், இது அமிக்டலா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குடித்து முடித்தேன்.

அடுத்த முறை போனபோது மருத்துவர் ஒரு மாத்திரை எழுதினார். "வேற உறக்க மருந்து எதுவும் எடுக்கறதில்லையே? ரெண்டும் சேர்ந்தா மூச்சே அடங்கிப்போகலாம்."

இல்லை என்றேன். கணேசன் எழுந்தார். "டாக்டர், கொஞ்சம் தனியா பேசணும்."

"என்ன இருந்தாலும் டீச்சர் முன்னாலயே சொல்லுங்க."

கணேசன், சிநேகிதரின் மருந்துக்கடையில் வாங்கிய தூக்க மாத்திரையைப் பொடித்துச் சாயாவில் கலந்ததாகச் சொன்னார். தினமும் இல்லையாம். நான் மிகவும் தளர்ந்திருந்த நாட்களில் மட்டுமாம். என்னைப் பார்க்காமல் மருத்துவரிடமே பேசினார்.

அப்படி விட்டு விட்டுக் கொடுத்ததே என் நிலையை மோசமாக்கியிருக்கிறது. மருந்து நின்றதும் தூக்கமின்மை முன்னிலும் கடுமையாகத் திரும்புமாம். மருத்துவர் எழுதிய மாத்திரையை அடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "கசப்பு நெஜம்தான் டீச்சரே. நான் தப்பா சொல்லிட்டேன்."

வெளியே வந்ததும் கேட்டேன். "அன்னைக்கு என் கையைப் பிடிச்சீங்களே, அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா அப்புறம் நீ என்னை நம்பமாட்டேன்னு..."

கலந்து தந்த மருந்தை மருத்துவர் தன் பார்வையில் மெதுவாகக் குறைத்து நிறுத்தினார். படுக்கையில் விழித்துக் கிடக்கக் கூடாது, பகலில் படுக்கக் கூடாது என்று பழக்கினார். மழைக்காலம் முடிவதற்குள் தூக்கம் திரும்பியது. கணேசன் இதே வீட்டில்தான் இருக்கிறார். நல்லதுக்குத்தானே செய்தார் என்கிறார்கள். மருந்தைக்கூட மன்னித்துவிடலாம். என் கையைப் பிடித்த அந்தக் கையை மன்னிக்க முடியவில்லை.

உங்களுக்கும் தூக்கம் போயிருந்தால், மூளை பொய் சொல்லும் என்பார்கள். சொல்லும். ஆனாலும் உங்கள் சந்தேகத்தை ஒருமுறை சோதித்துப் பார்க்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்த மாதங்களை நினைத்தால் எது என் அசதி, எது மாத்திரையின் மயக்கம் என்று பிரிக்க முடியவில்லை. என் வயதில் அந்தப் பகுதி யாருடையது என்று தெரியாமலே கிடக்கிறது. இப்போதும் கண் செருகும் வேளையில் உடம்பு ஒருமுறை திடுக்கிட்டு, இது என் தூக்கம்தானா என்று கேட்கிறது. ஆமாம் என்று அதற்குச் சொல்லிவிட்டுத்தான் உறங்குகிறேன்.