சைனிக்புரி பந்தலும் மூன்று மேகங்களும்

மழை வருமா வராதா என்று சொல்வது என் பிழைப்பு. வந்தாலும் திட்டு, வராவிட்டாலும் திட்டு. ஹைதராபாத்தில் ஒரு தனியார் வானிலை நிறுவனத்தில் ரேடார் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். போன் அடித்தாலே எடுக்கத் தயங்குகிற வேலையில் இருப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

வடாம் காயாத நாள்

ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் எதிர்வீடு பத்மா மாமி. ஒருநாள் காலை, "இன்னைக்கு மழை உண்டு மாமி" என்றேன். என்னை நம்பி வடாம் போடாமல் இருந்துவிட்டார். எங்கள் தெருவில் பொட்டுத் தூறல் இல்லை. லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் மாமாவோ, அங்கே கொட்டிய மழையில் முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மேகங்கள் ஓரிடத்தில் கும்பலாகச் சேர்ந்தால் அங்கே காற்று மேலே போகும், அக்கம்பக்கத்தில் கீழே இறங்கி மேகத்தைக் கலைத்துவிடும் என்று விளக்கினேன். மாமி கேட்டார்: "அப்போ உங்க மேகத்துக்கும் வேண்டியவா, வேண்டாதவான்னு உண்டா?"

திறந்தவெளி வரவேற்பு

செல்வராஜ் சார் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், திருநெல்வேலிக்காரர். சைனிக்புரியில் மகளின் கல்யாண வரவேற்பைத் திறந்தவெளியில் வைத்திருந்தார். மழை வருமா என்று கேட்டு மத்தியானம் போன் செய்தார். மேற்கே ஒரு பெரிய இடிமழை, ஆனால் வலுவிழந்துகொண்டிருந்தது. "இங்கே வர்றதுக்குள்ள ஓய்ஞ்சிடும் சார்" என்றேன்.

ஓயத்தான் செய்தது. ஆனால் ஓய்கிற மழையிலிருந்து இறங்கிய குளிர்காற்று, தரையில் கொட்டிய தண்ணீர்போல நாலாபக்கமும் பரவியது. சாயங்காலம் திரையில் மெல்லிய வளைகோடு ஒன்று நகர்ந்தது. அந்தக் காற்றின் விளிம்பு அது. போகிற வழியிலிருந்த வெப்பக்காற்றை நெம்பித் தூக்க, கோட்டின் மேலேயே புது மேகங்கள் வரிசையாக முளைத்தன. வரிசை நேராக சைனிக்புரியை நோக்கி வந்தது.

போன் போட்டேன். எடுக்கவில்லை. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி போட்டேன். கடைசியில் மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல்.

"சார், எல்லாரையும் கட்டடத்துக்குள்ள அனுப்புங்க. மழையைவிடக் காத்துதான் பயம்!"

அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. மேளம் சட்டென்று நின்றது, போனும் வைக்கப்பட்டது. அப்புறம் எந்தத் தகவலும் இல்லை. திரையில் கனமழையைக் காட்டும் சிவப்புப் பட்டை அந்த இடத்தைத் தாண்டுவதைப் பார்த்தபடி நின்றேன்.

மழை ஓய்ந்ததும் அவரே கூப்பிட்டார். அலங்கார வளைவின் இரும்புச் சட்டம் அப்படியே முன்வரிசை மேல் சாய்ந்துவிட்டதாம். "எம்மா, சேரெல்லாம் போச்சு, ஆளெல்லாம் இருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?"

வீட்டுக்குப் போகாத மாலை

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்வதில்லை. போன வாரம் வேலை முடிந்தும், தோளில் பையோடு திரை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். நகரத்துக்கு வடக்கே மூன்று மேகங்கள். தனித்தனியாக இருந்தால் சீக்கிரம் கரைந்துவிடும். ஒன்றுசேர்ந்தால் ஒன்றுக்கொன்று தீனி போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் கொட்டும்.

அடுத்த ஷிப்டுக்கு வந்த ரெஹானா, என்னோடு பழகிப் பழகித் தமிழ் கற்றவள்; 'ஏன்' என்பதற்கு மட்டும் இன்னும் ஹைதராபாத் உருதுவின் 'கைக்கு'தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "கைக்கு நிக்கறே அக்கா? நீ முறைச்சா அதுங்க பிரிஞ்சு போயிடுமா?"

மேகங்கள் எப்படிக் கூடுகின்றன என்று யாருக்கு வேண்டுமானாலும் விளக்கிவிடுவேன், அவை கூடும்போது எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.