வட்டச் சுவர்த் தபாலாபீஸ்

போன வாரம் தபால் நிலையத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்த பெண், "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தாத்தா" என்றாள். ஒரு தபால்தலைக்காக மூன்று தடவை கத்தினேன். பக்கத்தில் யாரோ உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த மயிலாப்பூர் தபாலாபீஸ் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அங்கே முணுமுணுப்பதே ஆபத்து.

கட்டடம் அப்போது புத்தம் புதிது. தூண் கிடையாது, வளைவு வாசல் கிடையாது. கப்பல் மாதிரி வழவழவென்று வெள்ளை. தபாலாபீஸ் என்றால் சிவப்புச் செங்கல் என்று நம்பியிருந்த சிலர், சினிமாக் கொட்டகை என நினைத்து என்னிடம் டிக்கெட் கேட்டதுண்டு. உள்ளே அரைவட்டக் கூடம். சுவரோரம் இந்த முனையில் கிசுகிசுத்தால் அந்த முனையில் காதுக்குள் சொன்னதுபோலக் கேட்கும். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. இதென்ன மாயம் என்று சாப்பாட்டு வேளையில் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு அலைவேன். எனக்குக் காதுவலி என்று நினைத்துத் தபால்காரர் ஒருவர் ஒத்தடம் சிபாரிசு செய்தார்.

கால்வாய்க் கரைக் குடிசையிலிருந்து முனியம்மா தினமும் வருவாள். அந்தச் சுவருக்கே கலவை சுமந்த சித்தாள். புருஷன் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவன். ரங்கூன் அப்போது ஜப்பான்காரன் கையில் விழுந்திருந்தது.

"நைனா, எனுக்கு எதுனா வந்துகீதா?"

"இன்னும் வரலம்மா."

என் ஜன்னல் அந்த அரைவட்டச் சுவரின் ஒரு முனையில். மறு முனையில் ஒரு பெஞ்சு. வெயில் தணியட்டும் என்று ஒருநாள் அவள் அதில் உட்கார்ந்திருந்தாள். புதிதாக வந்திருந்த போஸ்ட்மாஸ்டர் என் பக்கம் குனிந்தார்.

"ரங்கூன் தபால் இனிமே வராதாம். மேலேர்ந்து சொல்லிட்டா. பாவம், அவகிட்ட சொல்லிண்டு இருக்காதே."

இரக்கப்பட்டுத்தான் சொன்னார். சுவரின் குணம் அவருக்குத் தெரியாது. நான் கையமர்த்துவதற்குள் வார்த்தை போய்விட்டது. முனியம்மா தலைதூக்கி என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் வந்தாள். அதே ஜன்னல், அதே தாழ்ந்த குரல்.

"நைனா, எனுக்கு எதுனா வந்துகீதா?"

"இன்னும் வரலம்மா" என்றேன்.

"செரி, நாளைக்கி வரேன்."

யுத்தம் முடிவதற்கு முன்பே எனக்கு மாற்றல் வந்துவிட்டது. அதுவரை ஒருநாளும் அவள் தவறவில்லை. பிற்பாடு கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்தார்கள். அப்புறம் கட்டடத்தையே இடித்தார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒன்று தெரிந்துகொள்ளத் தோன்றும்: எனக்குப் பிறகு அந்த ஜன்னலில் உட்கார்ந்தவன் அவளுக்கு என்ன பதில் சொன்னான்?